குறட்டை விட்டால் நல்ல தூக்கமா? – வாசகர் கேள்வி பதில்

கடந்த இரண்டு இதழ்களாகத் தூக்கம் பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குறட்டையைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை குறட்டை விடுபவர் எழுதியவை அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவர் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, பெயர்களை நீக்கி, பகுதியை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. படுத்த சிறிது நேரத்திலேயே குறட்டை தொடங்கிவிடும். கூடத்தில் படுத்திருக்கும் மாமியாருக்கும் கேட்கும். "நாளெல்லாம் உழைச்ச அசதி, நல்லாத் தூங்குறான், விடும்மா" என்கிறார் அவர். ஆனால் நடுநடுவே சத்தம் நின்றுபோய், பிறகு மூச்சுத் திணறியதைப் போன்ற பெரிய சத்தத்தோடு மறுபடி தொடங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது. இது நல்ல தூக்கம்தானா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவே பேசி வந்திருக்கிறோம். கும்பகர்ணனைச் சொல்லிக் கேலி செய்வதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். உண்மையில் குறட்டை தூக்கத்தின் ஆழத்தைச் சொல்வதில்லை. மூச்சு போய்வரும் வழி குறுகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள தொண்டைப் பகுதிக்கு, அதற்குக் கீழேயுள்ள மூச்சுக்குழாய்க்கு இருப்பதைப் போன்ற குருத்தெலும்பு வளையங்கள் கிடையாது. சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது திறந்திருக்கிறது. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் அந்த நெகிழ்ச்சி தேவைப்படுகிறது. தூங்கும்போது அதுவே தொல்லையாகிறது. உறக்கம் வந்ததும் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. மேலண்ணத்தின் எலும்பில்லாத பின்பகுதியும் உள்நாக்கும் தொய்கின்றன. வழி குறுகியதும் காற்று வேகமாகப் பாய வேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூட உள்ளே அழுத்தம் குறைந்து, தொண்டையின் சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன. கடற்கரையில் இளநீர் குடிக்கும்போது, நனைந்து துவண்டுபோன காகித உறிஞ்சுகுழலைப் பலமாக உறிஞ்சினால் அது சப்பையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தொண்டையிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. சுவர்கள் பாதி நெருங்கி அதிரும்போது குறட்டை கேட்கும். முழுவதும் ஒட்டிக்கொண்டால் எந்தச் சத்தமும் இருக்காது, ஏனென்றால் காற்றே போகவில்லை.

நீங்கள் கவனித்த இடைவெளி இப்படிப்பட்டதாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்று அசைந்துகொண்டே இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இது 10 விநாடிகள் அல்லது அதற்கு மேல் நீடித்தால் மருத்துவக் கணக்கில் ஒரு மூச்சுத்தடை என்று எண்ணப்படுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியதும், மூளை ஒரு சில விநாடிகள் விழித்துக்கொண்டு தொண்டைத் தசைகளை இறுக்கி வழியைத் திறக்கிறது. உங்களை அச்சுறுத்தும் அந்தப் பெரிய சத்தம் அப்போது எழுவதுதான். இந்த விழிப்பு மிகவும் குறுகியது என்பதால் காலையில் அவருக்கு நினைவே இருக்காது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும், தூக்கம் துண்டு துண்டாக நறுக்கப்பட்டிருப்பதால், தூங்காதவரைப் போலவே எழுந்திருப்பார். இந்த நோயைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள்.

குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. விடியும் வரை ஒரே சீராகக் குறட்டை விட்டு, காலையில் தெளிவாக எழுந்து, பகலில் சோர்வில்லாமல் வேலை பார்ப்பவரின் குறட்டை பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவருக்கு மட்டுமே தொல்லை. ஆகவே சத்தம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, சத்தம் நிற்கிறதா, நின்றால் எவ்வளவு நேரம், பகலில் ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதுதான் பயன்படும். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா, காலையில் வாய் வறண்டு தலை கனக்கிறதா, முன்பில்லாத எரிச்சலும் மறதியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரவில் அடிக்கடி சிறுநீர் வருவதைச் சர்க்கரை நோய் என்றோ ப்ராஸ்டேட் என்றோ மட்டும் எண்ணி, தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்காமலே விட்டுவிடுவதுண்டு.

இன்னொன்றும் செய்யலாம். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் ஒரு பத்து நிமிடம், மார்பும் முகமும் தெரியும்படி அலைபேசியில் காணொளி எடுத்துவையுங்கள். கனவுகள் மிகுந்த உறக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்வதும் அப்போதுதான் என்பதால், பலருக்கு மூச்சுத்தடை அந்த நேரத்தில் மோசமாகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அந்தக் காணொளியோடு நீங்களும் உடன் செல்லுங்கள். தனியாகப் போனால் "எனக்கு ஒன்றுமில்லை, இவள்தான் அனுப்பினாள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

கேள்வி: மல்லாந்து படுத்தால் மட்டும் எனக்குக் குறட்டை வருகிறதாம். சனிக்கிழமை நண்பர்களோடு மது அருந்திவிட்டு வந்தால் எப்படிப் படுத்தாலும் வருகிறதாம். ஏன் இப்படி?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: மல்லாந்து படுக்கும்போது நாக்கும் அண்ணமும் தம் எடையால் பின்னோக்கி விழுகின்றன. ஒருக்களித்தால் பக்கவாட்டில் சரிவதால் வழி ஓரளவு திறந்திருக்கிறது. உங்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதே பாதி மருந்து. முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றை வைத்துக்கொண்டால் புரண்டு மல்லாக்க வாய்ப்புக் குறைவு. மது, தொண்டைத் தசைகளை இயல்பான தூக்கத்தைவிடவும் தளர்த்துகிறது. மூளை விழித்து எச்சரிப்பதையும் தாமதப்படுத்துகிறது. படுப்பதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அருந்திய மதுதான் அதிகக் கேடு செய்கிறது. தூக்க மாத்திரைகள் சிலவற்றுக்கும் இதே குணம் உண்டு என்பதால், குறட்டை உள்ளவர்கள் அவற்றை மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கக் கூடாது.

கேள்வி: நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். வயது 46, எடை 94 கிலோ. இரண்டு வருடமாக பி.பி.க்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. வீட்டில் குறட்டை என்று சொல்கிறார்கள். போன வாரம் கத்திப்பாரா சிக்னலை ஒட்டி வண்டி நின்றபோது கண் சொருகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், ஆலந்தூர்

பதில்: இந்தத் தொகுப்பில் தள்ளிப்போடவே கூடாத கடிதம் உங்களுடையது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் நான்கு ஒன்றாகச் சேர்கின்றன: எடை, குறட்டை, மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம், பகல் தூக்கம். பரிசோதிக்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்லீப் அப்னியா இருக்குமோ என்று சந்தேகிக்க இவை போதும்.

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அதுதான் ஓய்வு. மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும், ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் பாய்ந்து, ரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் எகிறுகிறது. மணிக்கு முப்பது முறை இப்படி நடந்தால், இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் போவதோடு, நாளடைவில் பகலிலும் அதே உயரத்தில் நின்றுவிடுகிறது. மூன்று வகை மருந்துகள், அவற்றில் ஒன்று சிறுநீர் பிரிக்கும் மருந்து, உரிய அளவில் எடுத்தும் அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் ஸ்லீப் அப்னியாவைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நடைமுறை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவையும் இந்த நோயுள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் எடையும் இவற்றுக்கெல்லாம் ஒரு காரணம் என்பதால், எதில் எவ்வளவு பங்கு மூச்சுத்தடையினுடையது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

வாகனம் ஓட்டுவதில் உள்ள ஆபத்தைச் சொல்ல இவ்வளவு தயக்கம் தேவையில்லை. சிகிச்சை பெறாத ஸ்லீப் அப்னியா உள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. சிக்னலில் நின்றபோது நடந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நீங்களே அறிவீர்கள். வருமானம் கெடும் என்று தெரிந்தேதான் சொல்கிறோம்: பரிசோதனை முடியும் வரை விமான நிலைய இரவுச் சவாரிகளை விட்டுவிடுங்கள், கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டி வைப்பதும் உதவாது, வண்டியை ஓரம் கட்டிப் பதினைந்து இருபது நிமிடம் தூங்குவதே உதவும்.

மருத்துவர் முதலில் சில கேள்விகள் கேட்பார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வகுத்த எப்வர்த் அளவுகோலில் எட்டுச் சூழ்நிலைகள் உண்டு: படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டி நெரிசலில் நிற்கும்போது என்று ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-இல் 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று பொருள். கழுத்துச் சுற்றளவையும் அளப்பார்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது ஓர் எச்சரிக்கை. அடுத்தது ஸ்லீப் ஸ்டடி. ஓர் இரவு முழுவதும் மூளை அலைகள், கண் அசைவு, தாடைத் தசை, மூக்குக் காற்று, மார்பு வயிற்று அசைவு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து பொருத்தும் சுருக்கமான முறையும் சென்னையில் கிடைக்கிறது. மணிக்கு 5-க்குக் குறைவான தடைகள் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. செலவுக்குத் தயங்கினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் புறநோயாளியாகத் தொடங்குங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை விழித்திருக்கும்போது மாட்டிப் பார்த்து "98 காட்டுகிறது" என்று நிம்மதி அடைய வேண்டாம். இந்த நோயில் பகலில் ஆக்சிஜன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. வாயைத் திறந்துகொண்டு, தலையைப் பின்னால் வளைத்துக் குறட்டை விட்டுத் தூங்குகிறான். நிறுத்தியிருந்த படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. ஓர் இடத்தில் உட்காருவதில்லை என்று பள்ளியில் புகார். குழந்தைக் குறட்டை வளர வளரப் போய்விடும் என்கிறார்கள்.
– ஒரு தாய், முகப்பேர்

பதில்: சளி பிடித்த நான்கு நாள் வரும் குறட்டை போய்விடும். வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் வரும் குறட்டையைக் குழந்தைகளிடம் இயல்பென்று கொள்ளக் கூடாது. இரண்டு முதல் எட்டு வயது வரை டான்சிலும், மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டும் தொண்டையின் அளவை நோக்கப் பெரிதாக இருக்கும் பருவம். அவை வழியை அடைக்கும்போது குழந்தை வாயால் மூச்சுவிட்டு, கழுத்தைப் பின்னால் வளைத்து வழியைத் திறக்கப் பார்க்கிறது. தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் கெட்ட குழந்தையோ துறுதுறுவென்று ஓடும், சிடுசிடுக்கும், பாடத்தில் மனம் நிற்காது. படுக்கையில் சிறுநீர் போவது திரும்ப வருவதும் இதன் அடையாளமாக இருக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளையை அடங்காப்பிடாரி என்று அடிப்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை. வகுப்பு ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

குழந்தைகளுக்கு அளவுகோலும் வேறு: மணிக்கு ஒரு தடைக்கு மேல் இருந்தாலே கவனிக்க வேண்டும். டான்சிலையும் அடினாய்டையும் அகற்றும் அறுவைதான் முதன்மைச் சிகிச்சை. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் உடனே கத்தி வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதத்தில் ஸ்லீப் ஸ்டடி இயல்புக்கு வந்தது. அறுவை செய்யாமல் கவனித்து வந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு அது தானாகவே இயல்பானது. நடத்தையும் தூக்கமும் அறுவை செய்தவர்களிடம் தெளிவாகத் தேறின. லேசான நிலையில், குறிப்பாக மூக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவர் மூக்கு ஸ்ப்ரே கொடுத்துச் சில மாதம் பார்ப்பதுண்டு. வீட்டில் கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுக் கொசுவலைக்கு மாறுங்கள். போகி அன்று காலை சென்னையில் எழும் புகைக்குப் பிறகு மூக்கடைத்துக்கொள்ளாத ஒவ்வாமைக் குழந்தையைக் காண்பது அரிது. அந்த வாரக் குறட்டையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கேள்வி: குண்டானவர்களுக்கும் ஆண்களுக்கும்தானே குறட்டை? நான் 52 கிலோ, வயது 55. இரண்டு வருடமாக எனக்குக் குறட்டை வருகிறது என்று மகள் சொல்கிறாள். வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: வெட்கப்பட ஏதுமில்லை. மாதவிடாய் நிற்கும் வரை பெண்மைச் சுரப்புகள் தொண்டைத் தசைகளுக்கு ஓரளவு பாதுகாப்பு அளிக்கின்றன. நின்ற பிறகு குறட்டையும் மூச்சுத்தடையும் கூடுகின்றன. எடை குறைவாக இருந்தாலும், கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருப்பவர்களுக்கு நாக்குக்கு இடம் போதாமல் வழி குறுகுகிறது. ஆசிய இனத்தவரிடம் குறைந்த எடையிலேயே இந்த நோய் காணப்படுவதற்கு முகவெலும்பின் அமைப்பும் ஒரு காரணம். பெண்கள் மருத்துவரிடம் "பகலில் தூங்கிவிடுகிறேன்" என்று சொல்வது குறைவு. தூக்கமே வரவில்லை, காலையில் தலைவலி, எப்போதும் அசதி, மனம் சரியில்லை என்றே சொல்கிறார்கள். அதனால் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. உங்களுக்கு முதல் சோதனையாகத் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்; தைராய்டு குறைவும் குறட்டைக்கு ஒரு காரணம், அதற்கு மாத்திரையே தீர்வு.

கேள்வி: ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 38 என்று வந்திருக்கிறது. சி-பேப் இயந்திரம் வாங்கச் சொல்கிறார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் தூங்க வேண்டுமா? அதற்குப் பதில் லேசர் அறுவை செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: 1981-க்கு முன்பு உங்களைப் போன்ற கடுமையான நோயாளிக்கு உறுதியான சிகிச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. அந்த ஆண்டில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்து ஐந்து நோயாளிகளின் தொண்டையைத் திறந்தே வைத்திருக்க முடியும் என்று காட்டினார். இன்றைய சி-பேப் அதன் வழிவந்ததுதான். அது ஆக்சிஜன் தரும் இயந்திரமல்ல. அறையின் காற்றையே சற்று அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டாமல் தாங்கி நிற்கிறது. மாட்டிய இரவிலேயே பலருக்குக் குறட்டை நின்றுவிடுகிறது.

மாட்டினால்தான் பலன், கழற்றினால் இல்லை. 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், இதய நோயோ பக்கவாதமோ ஏற்கனவே வந்தவர்களுக்கு சி-பேப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் அதைச் சராசரியாக ஓர் இரவில் 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள். பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டன. ஆகவே "இதயத்தைக் காப்பாற்றும்" என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். பகலில் விழிப்போடு இருக்கவும், ரத்த அழுத்தம் சிறிதளவு குறையவும் அது உதவும் என்பதே உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்கள் எண்ணிக்கைக்கு அதுவே பெரிய உதவி. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முகமூடியின் அளவு பொருந்தாததுதான் பெரும்பாலோர் கைவிடக் காரணம். மூன்று நான்கு வகையை மாட்டிப் பார்க்காமல் ஒன்றைத் தலையில் கட்ட விடாதீர்கள். ஈரப்பதம் தரும் தொட்டியில் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதே, அதைப் போன்ற நாள்களில் ஒருக்களித்து, தலையை உயர்த்திப் படுத்துச் சமாளிக்க வேண்டியதுதான். முகமூடியில் காற்று வெளியேறத் துளைகள் உள்ளதால் மின்தடையில் மூச்சடைத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

லேசரைப் பொறுத்தவரை, அண்ணத்தை லேசரால் சுருக்கும் முறை ஸ்லீப் அப்னியாவுக்கு வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வேறு அறுவைகள் உண்டு. யாருக்கு எது என்பது, லேசான மயக்கத்தில் குழாய்க் கேமரா விட்டு அடைப்பு எங்கே என்று பார்த்த பிறகே முடிவாகும். மூக்கின் நடுத்தண்டு வளைவைச் சரிசெய்வதால் மட்டும் உங்கள் 38 இயல்புக்கு வருவது அரிது. ஆனால் சி-பேப் அணிவது எளிதாகும். லேசான, நடுத்தர நோய்க்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. எந்த நோய்க்கு அறுவை செய்துகொள்வதானாலும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் உங்களுக்கு ஸ்லீப் அப்னியா இருப்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: எடையைக் குறைத்தால் குறட்டை நிற்குமா? தொண்டைக்குப் பயிற்சி என்று யூடியூபில் காட்டுவது உண்மையா? இப்போது எடைக்கு ஊசி வந்திருக்கிறதாமே?
– மூன்று வாசகர்கள். குரோம்பேட்டை, பள்ளிக்கரணை, கொளத்தூர்

பதில்: எடை, பெரிய அளவில் பொருந்தும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2000-இல் சொன்னது இது: எடை 10 சதவீதம் கூடினால் மூச்சுத்தடை எண்ணிக்கை ஏறத்தாழ 32 சதவீதம் கூடுகிறது, 10 சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் குறைகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. கழுத்தைச் சுற்றியும் நாக்குக்குள்ளும் படியும் கொழுப்பு வழியை நெருக்குவதும், வயிற்றுக் கொழுப்பு நுரையீரலை மேலே தள்ளுவதும் இதற்குக் காரணம். இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் பிரியாணியும் உண்டு உடனே படுப்பதை நிறுத்துவது எடைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் சேர்த்தே நல்லது.

பயிற்சி வெறும் கதையல்ல. பிரேசிலில் நடுத்தர நோயாளிகள் நாக்கு, அண்ணம், கன்னத் தசைகளுக்குத் தினமும் சுமார் அரை மணி நேரம் மூன்று மாதம் பயிற்சி செய்ததில், சராசரி எண்ணிக்கை 22-லிருந்து 14-க்கு இறங்கியது என 2009-இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கி இழுப்பது போன்ற எளிய பயிற்சிகள் அவை. விடாமல் செய்பவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஊசியைப் பொறுத்தவரை, டிர்செபடைட் என்ற மருந்துக்கு, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்குத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. விலை அதிகம், வாந்தி குமட்டல் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாத மருந்து.

கேள்வி: வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கினால் குறட்டை வராது என்கிறார்களே?
– ஒரு கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: செய்யாதீர்கள். மூக்கடைப்பு உள்ளவருக்கு இருக்கும் ஒரே வழியையும் அடைப்பது அது. ஸ்லீப் அப்னியா உள்ளவருக்குச் சத்தத்தை மறைத்து நோயை விட்டுவைக்கும். மூக்கின் மேல் ஒட்டும் பட்டை ஆபத்தில்லை. மூக்குத் துவாரம் குறுகியவருக்குச் சிறிது பயன்படும். மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். உப்பு நீர் ஸ்ப்ரே எத்தனை நாள் வேண்டுமானாலும் போடலாம்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒரே அறை உள்ள வீடு. கணவருக்குப் பரிசோதித்ததில் நோய் இல்லை, வெறும் குறட்டைதான் என்றார்கள். ஆனால் நான் மாதக்கணக்கில் தூங்கவில்லை. தனியாகப் படுக்கலாம் என்றால் ஊர் என்ன சொல்லும்?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் தூக்கமும் தூக்கம்தான், அவருக்கு நோயில்லை என்பதால் உங்கள் பாதிப்பு இல்லாமல் போய்விடாது. பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். அவர் ஒருக்களித்துப் படுப்பது, மூக்கு ஒவ்வாமைக்குச் சிகிச்சை எடுப்பது, புகையிலையை விடுவது ஆகிய மூன்றையும் முதலில் செய்யட்டும். நீங்கள் அவருக்கு அரை மணி நேரம் முன்பே படுத்துவிடுங்கள்; மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் நன்றாகவே உதவும். விசிறியின் ஓசையும் ஓரளவு மறைக்கும். வாரத்தில் இரண்டு நாள் கூடத்திலோ மொட்டை மாடியிலோ பாய் விரித்துத் தனியாகப் படுத்தால் எந்த இல்லறமும் கெட்டுவிடாது. ஊர் உங்கள் வீட்டுக்குள் வந்து பாயை எண்ணப் போவதில்லை.

கேள்வி: மாதம் ஒருமுறை எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறேன். சக பயணிகள் காலையில் முறைக்கிறார்கள். ஓரிரவுக்கு மட்டும் ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகர், சூளைமேடு

பதில்: ஏறுவதற்கு முன் மது வேண்டாம், இரவு உணவை எட்டு மணிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மூக்கில் உப்பு நீர் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்துகொண்டு, சுவரை நோக்கி ஒருக்களித்துப் படுங்கள். பையை முதுகுக்குப் பின்னால் வைத்தால் மல்லாக்க மாட்டீர்கள், பையும் பத்திரமாக இருக்கும். தலைப்பக்கத்தைப் போர்வையை மடித்துச் சற்று உயர்த்துங்கள். இவ்வளவு செய்தும் சக பயணி யாராவது "நடுவுல மூச்சே நின்னுடுச்சு சார்" என்று சொன்னால், ஊரிலிருந்து திரும்பியதும் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.